இருபத்திமூன்று பல் செட்டும் ஒரு பதிலும்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அத்தானுக்குத்தான் முட்டிவலி. அதைப் பற்றி அவர் பேசும் பேச்சைக் கேட்டு எனக்குக் காதுவலி.

ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குச் சர்ச் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பாப்பாவுக்குக் கல்யாணம் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நீ கேட்டபடி அத்தானிடம் பேசிவிட்டேன். அவரே பாப்பாவைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவார். பாஸ்டர் "இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று கேட்கும்போது, "தகப்பனுக்குப் பதிலாக நான் கொடுக்கிறேன்" என்று அவரே சொல்லிவிடுவார். மற்ற இடத்தில் ஒரு வார்த்தை திக்கினால் நீ வேறு வார்த்தை போட்டுச் சமாளித்துவிடுவாய். இங்கே "தகப்பனாகிய நான்" என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வழியே இல்லை. உனக்கோ "த" என்றாலே ஜென்ம விரோதி. எதற்கு வம்பு?

பாப்பாவிடம் சொன்னேன். "சரி அத்தை" என்றாள். அந்தச் "சரி" எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

உங்கள் பாஸ்டரம்மா எழுதியிருந்தார். மார்ச்சில் சபையிலிருந்து பதினாலு நாள் ஊழியப் பயணம் போகிறார்களாம், பல் டாக்டரம்மா தலைமையில். பல் செட் கட்டுகிற ஆள் வேண்டுமாம். பதினாலு நாளில் போய் என்ன கிழித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பாட்டு, ஐந்நூறு போட்டோ, கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுகை. ஆனாலும் போய் வா. அந்த லேப் அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நீயே மாவுப் பொம்மை மாதிரி ஆகிவிட்டாய்.

உனக்காக ஜெபிக்கும்,
அக்கா

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். அத்தானுக்கு முட்டியில் வெந்நீர் ஒத்தடம், உனக்குக் காதில் பஞ்சு.

அத்தான் ஒத்துக்கொண்டது பெரிய நிம்மதி. ஒரு மாதமாக அந்தக் கேள்வியை நினைத்தாலே தட்டைத் தள்ளிவைத்துவிடுவேன். இனி நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

டாக்டரம்மா லேபுக்கே வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க பேசவே வேணாம். பின்னாடி ரூம் ஒண்ணு தர்றேன். அங்கேயும் இதே வேலைதான்" என்றார். அதனால்தான் சரி என்று தலையாட்டினேன்.

உனக்கு ஒன்று தெரியுமா? இருபத்திநாலு வருஷமாகப் பல் செட் கட்டுகிறேன். நான் கட்டிய பல்லை மாட்டிக்கொண்ட ஒரு ஆளையாவது நேரில் பார்த்ததில்லை. கிளினிக்கிலிருந்து வாயின் அச்சு வரும், கூடவே சீட்டு. "நம்பர் 416, மேல் வரிசை, கலர் மூன்று." முடித்து அனுப்பினால் 416 போய்விடும், 417 வரும். அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. 416 என்னிடம் எதுவும் கேட்காது பார்.

பாப்பா பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், இருந்தாலும் நலம்தான்.

நீ போவது பற்றி மகிழ்ச்சி. காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, கொசுவலை மறக்காதே. கண்ட தண்ணீரைக் குடிக்காதே.

டாக்டரம்மாவுக்கு நான் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னை எல்லார் முன்னாலும் அனுபவச் சாட்சி சொல்லவோ ஜெபம் பண்ணவோ திடீரென்று கூப்பிட்டுவிட வேண்டாம் என்றும், ஏதாவது கேட்க வேண்டுமானால் காகிதத்தில் எழுதிக் கேட்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் ரயில் நிலைய விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தவள் நான். ஆள் வந்து நின்று வாயெடுப்பதற்குள் எந்த வண்டி, எத்தனை மணி என்று சொல்லிவிடுவேன். எனக்கா உன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது?

கர்த்தர் உன்னைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவாராக.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்களில் இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை, கண்ட தண்ணீரைக் குடித்தார்கள்.

படகில் நாலு மணி நேரம், பிறகு லாரி. ஒரே ஒரு மருத்துவமனை, பன்னிரண்டு படுக்கை. அதை நடத்துவது ஒரு நர்ஸம்மா. பத்தொன்பது வருஷமாக இங்கேயே இருக்கிறார். இங்குள்ளவர்கள் பேசும் பாஷை நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. நர்ஸம்மா நம் பக்கம் வந்து படித்தவர், அதனால் எங்களுக்கு மொழிபெயர்ப்பதும் அவரேதான்.

முதல் நாள் அவர் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னதைக் கேள். "பதினாலு நாள்ல நீங்க எங்களை மாத்திட முடியாது. அந்த நெனப்பு இருந்தா பெட்டியிலயே வச்சுப் பூட்டிடுங்க. போற வரைக்கும் நீங்க கெடாம இருந்தா போதும்." உனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

நம் சபையின் பேங்க் தம்பியைத் தெரியுமில்லையா, சட்டை கசங்காத ஆள்? அவனுக்கு எச்சில் துப்பும் கிண்ணங்களைக் கழுவும் வேலை. முதல் நாள் மூலையில் போய் வாந்தி எடுத்தான். இன்று யாரோ கிண்ணத்தைத் தொட்டதற்கு, "குடுங்க, அது என் வேலை" என்று சண்டைக்குப் போகிறான்.

எனக்குச் சொன்னபடியே பின் அறை. சந்தோஷம்.

உன் தம்பி

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மானம்தான் கப்பலேறிவிட்டது. முதலில் உட்கார்ந்துகொள், சொல்கிறேன்.

இருபத்திமூன்று பேருக்கு முழுப் பல் செட். ஒரு பல்கூட இல்லாதவர்கள். டாக்டரம்மா எல்லாருக்கும் வாயில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். நான் அவற்றில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி ஈறின் உருவத்தை எடுத்து வைத்திருந்தேன். பல் அடுக்கும் சட்டத்தில் பொருத்துவதற்கு முன்னால் மாவு தண்ணீர் குடிக்க வேண்டும். அதனால் மொத்தத்தையும் ஒரு பெரிய வாளியில் போட்டு மூழ்கவைத்துவிட்டுக் காலை ஜெபத்துக்குப் போனேன்.

எங்கள் லேபில் நம்பர் இருப்பது தட்டில். ஒரு ஆளுக்கு ஒரு தட்டு. மாவில் எழுதுகிற பழக்கமே கிடையாது. இங்கே தட்டு இல்லை, அதனால் நம்பர் எழுதிய சீட்டைப் பசையால் ஒட்டியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சீட்டெல்லாம் தண்ணீர்மேல் ஜாலியாக மிதக்கிறது. இருபத்திநாலு வருஷ அனுபவம் அக்கா! கத்துக்குட்டிகூட இப்படிச் செய்ய மாட்டான்.

எந்த மேல் வரிசைக்கு எந்தக் கீழ் வரிசை ஜோடி என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். அது யாருடைய வாய் என்பதுதான் தெரியாது. நான்தான் ஒரு ஆளையும் பார்க்கவில்லையே! டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். திரும்ப அச்செடுக்க மாவும் இல்லை, நாளும் இல்லை. "நீங்களே வெளியே வந்து உட்காருங்க. ஒவ்வொருத்தர் வாயா பார்த்துப் பொருத்துங்க. வேற வழியில்ல" என்றார்.

வாயைப் பார்த்தால் மட்டும் போதாது. கடைசியாக எந்தப் பல் விழுந்ததோ அந்த இடத்தில் ஈறு கொஞ்சம் உயரமாக இருக்கும். அதைக் கேட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். கேட்க வேண்டும். நான். இருபத்திமூன்று பேரை.

பதினேழு பேர் முடிந்தார்கள். மீதிப் பேர் நாளைக்கு. விவரமாக வீட்டுக்கு வந்து எழுதுகிறேன், படகுக்குத் தபால் போகிறது.

உன் தம்பி

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். நான் நலம், பாப்பா நலம், ஐந்து கிலோ இளைத்திருக்கிறேன். அதுவும் நலம்தான்.

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். முதலில் வந்தவர் ஒரு பெரியவர், வலை பின்னுகிறவர். நான் ஸ்டூலில். பக்கத்தில் நர்ஸம்மா. "கடைசியா எந்தப் பல் விழுந்தது?" என்று கேட்க வேண்டும். "க" என்றேன். அடைத்துக்கொண்டது. வழக்கம்போல, முடித்துவைப்பார் என்று நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க முடிங்க. முடிச்சாத்தானே நான் அவருக்குச் சொல்ல முடியும்?"

அவ்வளவுதான் அக்கா. நான் என்ன கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அதனால் எனக்காக முடித்துவைக்கவும் முடியாது. எப்படியோ முட்டி மோதி முடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை.

அந்தப் பெரியவர் நர்ஸம்மாவிடம் நீளமாக ஏதோ சொன்னார். நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க பாஷை நல்லா இருக்குன்றாரு. ஒவ்வொரு வார்த்தையையும் ரெண்டு மூணு தடவை தொட்டுத் தொட்டுப் பேசுறீங்களாம், மரியாதையா இருக்காம். போன வருஷம் வந்தவங்க கடகடன்னு பேசிட்டுப் போயிட்டாங்களாம்." திக்குவது பற்றி நான் வாய்விட்டுச் சிரித்தது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவரும் கடைசிப் பல் விழுந்த கதையைச் சொன்னார்கள். ஒரு அம்மாவுக்கு மகன் படகில் போய்த் திரும்பாத வாரத்தில் விழுந்ததாம். எதைக் கடித்தபோது விழுந்தது என்றே நினைவில்லை என்றார். கையில் எடுத்த வேலையை மறந்து, அவர் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லா அச்சும் ஆளோடு சேர்ந்தன. கிளம்புகிற நாள் அந்த அம்மாவுக்குப் பல் மாட்டினோம். சிரித்தார், சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார், பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். என் பல் அக்கா! நான் கட்டியது! இருபத்திநாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அங்கேயே தேம்பி அழுதுவிட்டேன். நீ சொன்ன கடைசி நாள் அழுகை இதுதான் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இரண்டு செட் சரியாகப் பொருந்தவில்லை. எங்களுக்குச் சமைத்துப் போட்டு, வயிற்றுக்கு மருந்து கொடுத்து, நர்ஸம்மாவுக்குத்தான் வேலை இரட்டிப்பு. அதை அவரிடமே கேட்டேன், பின்னே ஏன் வருஷாவருஷம் கூப்பிடுகிறீர்கள் என்று. "இங்க இருக்கிறவங்களுக்காகன்னு நெனச்சீங்களா? பாதி உங்களுக்காகத்தான். வந்துட்டுப் போறவங்கள்ல பத்துல ஒருத்தர் வேற ஆளா போறாங்க. அது போதும்" என்றார்.

போன ஞாயிறு சபையில் நானே எழுந்து சாட்சி சொன்னேன். நாலு நிமிஷச் சாட்சிக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. டீ ஆறிவிட்டது என்று கமிட்டிக்காரர் முறைத்தார். யாரும் எனக்காக எதையும் முடித்துவைக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்ட்டில் பாஸ்டர் கேட்கும் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். அத்தானிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உன் தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அத்தானுக்கா? அவர் கோபமாக இருக்கிறாரா?

பாப்பா தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறாள். நான் பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.

லேபில் ஒரு மாற்றம். சீட்டில் நம்பரோடு பெயரும் எழுதச் சொல்லிக் கிளினிக்குகளுக்குச் சொல்லிவிட்டேன். நேரில் போய்த்தான் சொன்னேன். "என்னண்ணே, பேசுறீங்க!" என்று கம்பவுண்டர் ஆச்சரியப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் பல் மாட்டும்போது நானும் போய் நிற்கிறேன்.

பதில் போடு.

உன் தம்பி

மே 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தானுக்கு முட்டி கொஞ்சம் மோசம், அதில் எழுத நேரமில்லை. உன் கடிதம் வந்தது. அந்த அம்மாவின் கதையைப் படித்து நானும் அழுதேன்.

அத்தானுக்குக் கோபம் எதுவுமில்லை. கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அது வீணாகாது, கல்யாணத்துக்குப் போடலாம்.

நான் சொல்வதைத் தப்பாக நினைக்காதே. தெரியாத ஊரில், பாஷை புரியாதவர்கள் முன்னால் பேசுவது வேறு. கல்யாணத்தில் இரண்டு குடும்பமும், முந்நூறு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? நடுவில் நின்றுவிட்டால் பாப்பாவுக்குத்தானே சங்கடம்? நல்லா யோசி. பாஸ்டரிடம் சொல்லி அந்தக் கேள்வியையே எடுத்துவிடச் சொல்லலாமா? நான் வேண்டுமானால் எழுதிப் பார்க்கிறேன்.

உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாஸ்டருக்கு எழுத வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கச் சொன்னேன். "தலையாட்டி உற்சாகப்படுத்த வேணாம், புன்சிரிப்பும் வேணாம், சும்மா இருங்க" என்றேன். அவருக்கு அதுதான் கஷ்டமாம்.

நடுவில் நின்றுவிட்டால் என்று கேட்டாய். நிற்கும். நிச்சயமாக நிற்கும். நான் இப்போது பயிற்சி செய்வது அந்த வார்த்தையை அல்ல, நின்றுகொண்டிருப்பதை.

பாப்பாவுக்குச் சங்கடமா என்று அவளிடமே கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க அரை மணி நேரம் எடுத்துக்கிட்டாலும் சரிப்பா, நான் எங்கேயும் போகல" என்றாள். ஜனவரியில் அவள் சொன்ன "சரி" பற்றி எழுதியிருந்தாயே. அது எனக்கு அன்றைக்கே தெரியும் அக்கா. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். என் மகள் ஒருத்திதான், அவளுக்குக் கல்யாணம் ஒரு தடவைதான். அம்மா இல்லாத பெண்ணை வேறொருவர் எனக்குப் பதிலாக நின்று கொடுக்க வேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பும் நன்றியும். கோட்டைக் கட்டாயம் போட்டுக்கொண்டு வரட்டும்.

உன் தம்பி

ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் இஷ்டம். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி மாலை வண்டியில் வருகிறோம். பாப்பாவுக்கு முத்தங்கள்.

அக்கா

ஆகஸ்ட் 29

அன்புத் தம்பிக்கு,

சுகமாக வீடு சேர்ந்தோம். பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். பாப்பா போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

அன்றைக்கு எல்லாரும் உன் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நான் மட்டும் சாமான் எடுத்துவைக்கிற சாக்கில் ஒதுங்கிக்கொண்டேன். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாஸ்டர் கேட்டார். நீ "த" என்றாய். நின்றுவிட்டது. முதல் வரிசையில் இருந்த நான் எழுந்துவிட்டேன் தம்பி. நீ முன்னால் பார்த்து நின்றதால் உனக்குத் தெரியாது. வாயையும் திறந்துவிட்டேன். "தகப்பனாகிய" என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பாப்பா திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. வேண்டாம் அத்தை என்று தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினாள். நான் உட்கார்ந்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன், நிஜமாகவே இரண்டு கையாலும். அத்தான் என் முதுகில் கைவைத்தார். பிறகு நீ சொன்னாய். தகப்பனாகிய நான் கொடுக்கிறேன். முழுசாக. அதைவிடத் தெளிவாக அந்தச் சர்ச்சில் யாரும் எதையும் சொன்னதில்லை.

உனக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. ஞாயிறு பள்ளி ஆண்டு விழா. நீ மேடையில் வசனம் சொன்னாய். அன்று கடைசி வார்த்தையில் நின்றாய். கடைசி வார்த்தை, தம்பி. கொஞ்சம் விட்டிருந்தால் நீயே சொல்லியிருப்பாய். நான் கீழிருந்து எழுந்து சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். "தம்பி மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்றார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாய். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. கடையில், பள்ளியில், உனக்குப் பெண் பார்த்த வீட்டில்கூட நான்தான் பேசினேன்.

நான் ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அத்தானின் முட்டி இல்லை. உன் மார்ச் கடிதம். நர்ஸம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று எழுதியிருந்தாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. நீ அதில் என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாற்பத்தைந்து வருஷம் பாசத்தைக் கொட்டி நான் செய்யாததை, உன்னை யாரென்றே தெரியாத ஒரு ஊர் பதினாலு நாளில் செய்துவிட்டது. அந்த ஊழியத்தை நான் கேலி பண்ணினேன். என்னை மன்னித்துவிடு. அடுத்த வருஷம் டாக்டரம்மா போகும்போது கிண்ணம் கழுவ ஆள் தேவைப்பட்டால் சொல். எனக்கும் அந்த நர்ஸம்மா பக்கத்தில் கொஞ்ச நாள் உட்கார வேண்டும்.

இன்னும் ஒன்று. நீ வேலைக்குப் போன நாளிலிருந்து நமக்குள் கடிதம்தான். தம்பிக்கு போன் ஒத்துவராது என்று வீட்டில் முடிவு செய்தவள் நான். நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூப்பிடு. நான் "ஹலோ" மட்டும்தான் சொல்வேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரமானாலும் நான் லைனில் இருப்பேன்.

உன் அக்கா